ஊதா வெளுத்த கிணறு

“டீச்சர், ஒரு உப்போட சரியான பேரைச் சொல்லத் தெரிஞ்சுட்டா, அந்த உப்பைத் தெரிஞ்சுக்கிட்ட மாதிரிதானே?”

பலவேசம் இப்படிக் கேட்டபோது பிலோமினா டீச்சர் கருப்பட்டிக் காப்பி குடித்துக்கொண்டிருந்தார்.

காப்பியைக் கீழே வைத்தார். ஒரு கண்ணாடிக் குவளையில் தண்ணீர் எடுத்து, அதில் கருத்த படிகம் ஒன்றைப் போட்டார். தண்ணீர் முழுக்க ஊதா ஓடியது. அதில் கொஞ்சம் காரக் கரைசலைச் சேர்த்தார்.

“இது பேரு?”

“பொட்டாசியம் பெர்மாங்கனேட், டீச்சர்.”

கருப்பட்டித் துண்டு ஒன்றைக் கரைத்து ஊற்றினார். ஊதா நீலமாகத் திரும்பியது. நீலம் பச்சையானது.

“இப்ப?”

“பொட்டாசியம் மாங்கனேட்.”

“இருங்க.”

பச்சை கலங்கி மங்கி, கடைசியில் தவிட்டு நிறத்தில் அடியில் படிந்தது.

“இப்ப?”

“மாங்கனீஸ் டை ஆக்சைடு.”

“மூணும் சரி.”

பலவேசத்தின் முகம் மலர்ந்தது.

“ஒரு பேரைச் சொல்லி நீங்க வாயை மூடுறதுக்குள்ள அது வேற பேருக்குப் போயிட்டே இருந்துச்சே. நீங்க சொன்னது எதோட பேரு?”

அவன் குவளையை எடுத்து, அடியில் படிந்ததை ஆட்டிப் பார்த்தான்.

“குவளையைக் கழுவி வைங்க” என்று சொல்லிவிட்டு டீச்சர் ஆறிப்போன காப்பியை எடுத்துக்கொண்டார்.

*

உப்பு மூட்டை அடுக்கிவைத்த பழைய கிட்டங்கி ஒன்றைத்தான் அந்த ஊரில் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடமாக மாற்றியிருந்தார்கள். டீச்சர் அதற்குத் தலைமை. வேலை பழக வந்தவர்களில் பலவேசம் ஒருவன்.

டீச்சரைவிட அவனுக்கு வயது கூடுதல். பள்ளிக்கூடம் முடித்ததும் உப்பளத்தில் உப்பு வாரினான். வாரிச் சேர்த்த காசில் காலம் தாழ்ந்து கல்லூரிக்குப் போனான். அவன் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் அவன்தான். கீழத்தெருவிலேயே முதல் ஆள் என்றும் சொன்னார்கள்.

கல்லூரியில் சேர்ந்த புதிதில், மாங்கனீஸ் என்று சொல்ல வேண்டிய இடத்தில் மக்னீசியம் என்று சொல்லிவிட்டான். வகுப்பே சிரித்தது. அன்றிலிருந்து பெயர்களை விடவேயில்லை. மாங்கனஸ் சல்பேட் வெளிறிய ரோஜா நிறம். மாங்கனஸ் சல்பைடு தோலின் நிறம். மாங்கனஸ் ஹைட்ராக்சைடு வெள்ளையாக விழுந்து, காற்றுப் பட்டால் பழுப்பாகும். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வான்.

கூடத்தில் இருந்த அத்தனை புட்டிகளிலும் அவன் கையெழுத்துதான். பெயர், செறிவு, கலக்கிய தேதி. எழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும்.

கூடப் பழகும் ஜெபராணி கிண்டல் செய்வாள். “அண்ணாச்சி, கொஞ்சம் அசந்தா என் நெத்தியிலயும் லேபிள் ஒட்டிருவீங்க.”

“ஒட்ட மாட்டேன். உன்னை எந்த உப்புத் தொகுதியில சேர்க்கன்னு இன்னும் பிடிபடலை.”

அவன் சிரிப்பது அபூர்வம். சிரித்தாலும், சிரித்தது சரிதானா என்று ஒரு தடவை டீச்சரைப் பார்த்துக்கொள்வான்.

*

கீழத்தெருவிலிருந்து மாடத்தி வந்தாள். இடுப்பில் தண்ணீர்க் கேன், தலையில் வெயிலுக்குப் போட்ட முந்தானை.

பலவேசம் பதறி எழுந்தான். “வாங்க அத்தை.”

“வந்துட்டேன் மருமவனே. உன்னைப் பாக்கணும்னா செருப்பைக் கழத்தி வச்சுட்டு வரணுமாமே, கோயிலு கணக்கா.”

“தூசி வரக்கூடாதுன்னு…”

“சும்மா சொன்னேன்லே. உக்காரு.”

அவள்தான் உட்கார்ந்தாள். அவன் நின்றுகொண்டிருந்தான்.

மாடத்தி வீட்டு வாசலில்தான் அந்தக் கிணறு இருந்தது. அந்த வருஷக் கோடையில் பக்கத்துத் தெருக் கிணறுகள் எல்லாம் வற்றியபோது அது மட்டும் வற்றவில்லை. கீழத்தெரு முழுக்க அதில்தான் குடித்தது. பிறகு மேலத்தெருவும் வந்தது.

மேலத்தெரு அதற்குமுன் அந்தப் பக்கம் வந்ததில்லை. காரணம் ஊருக்கே தெரியும். யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள்.

“எங் கயித்தைப் பிடிச்சு, என் வாளியில இறைச்சாளுவ” என்றாள் மாடத்தி, டீச்சரைப் பார்த்து. “ஒருத்தி மோர் குடுன்னு கேட்டு வாங்கிக் குடிச்சா. எங்க வீட்டுச் சொம்புலயே குடிச்சா டீச்சரம்மா. நான் அந்தச் சொம்பைக் கழுவாம வச்சிருந்தேன், எங்க வீட்டு மனுசனும் அதைப் பாக்கட்டும்னு.”

டீச்சர் சிரித்தார்.

“இப்ப ஒருத்தியும் வரல. தண்ணி அசுத்தம்னு பஞ்சாயத்துல பலகை வச்சுட்டாங்க. ‘நாங்க அப்பமே நினைச்சோம்’ங்காளுவ. ‘நாங்களா சொன்னோம், உங்க தெருப் பிள்ளைதானே எழுதிக் குடுத்துச்சு’ங்காளுவ.”

பலவேசம் தரையைப் பார்த்தான்.

அது அவன் எழுதியதுதான். கோடைக்காகக் கூடம் தண்ணீர் இருந்த கிணறுகளை எல்லாம் பரிசோதித்தபோது கீழத்தெருக் கிணறு அவன் பங்குக்கு வந்தது. மற்றச் சோதனைகள் எல்லாம் சரி. ஊதாச் சோதனை ஒன்றுதான் தப்பியது. தண்ணீரில் அமிலமும் பெர்மாங்கனேட்டும் விட்டுக் கொதிநீரில் வைப்பார்கள். தண்ணீரில் அழுகிய பொருள் இருந்தால் அது ஊதாவைத் தின்றுவிடும். எவ்வளவு ஊதா குறைந்ததோ அவ்வளவு அசுத்தம்.

கீழத்தெருத் தண்ணீரில் ஊதா நிறையக் குறைந்திருந்தது. இருந்ததை இருந்தபடி எழுதினான். நம் தெரு என்று பார்க்காமல் எழுதினோம் என்று அன்றைக்கு உள்ளுக்குள் கொஞ்சம் நிமிர்ந்துகூட நடந்தான்.

“உன்னைக் குத்தம் சொல்ல வரலலே” என்றாள் மாடத்தி. “படிச்சவன் உள்ளதைத்தான் எழுதுவ. கிணத்தை இறைச்சாச்சு. உள்ள இறங்கிச் சுண்ணாம்பு வச்சுத் தேச்சாச்சு. உங்க மாமாவைக் கிணத்துப் பக்கமே வராதேன்னுட்டேன். அவரு மூஞ்சி விழுந்துதான் தண்ணி கெட்டிருக்கும்னு எனக்கொரு சந்தேகம்.”

ஜெபராணி வாயைப் பொத்திக்கொண்டாள்.

“இன்னும் என்ன மருந்து போடணும்னு சொல்லு, போடுதேன். நாளைக்குப் பஞ்சாயத்துல கூடிப் பேசி, கிணத்துல மண்ணைத் தள்ளி மூடப்போறாங்களாம். நீ இன்னொரு தரம் பாத்து நல்லாருக்குன்னு எழுதிட்டா மூட மாட்டாங்க. புதுத் தண்ணி கொண்டாந்திருக்கேன்.”

கேனை அவன் பக்கம் தள்ளினாள்.

*

பலவேசம் சன்னல் மேடையிலிருந்த தன் பெர்மாங்கனேட் புட்டியை எடுத்தான். அமிலம் விட்டான். ஊதாவை அளந்து விட்டான். கொதிநீர்த் தொட்டியில் குடுவையை இறக்கினான்.

மாடத்தி குடுவையையே பார்த்துக்கொண்டிருந்தாள், அடுப்பில் பால் வைத்தவளைப் போல.

ஊதா குறைந்தது.

எடுத்து அளந்தான். முன்பு வந்ததைவிடச் சற்றுக் கூடுதலாகவே குறைந்திருந்தது. இம்மியும் தேறவில்லை.

“எப்படிலே இருக்கு?”

அவன் குடுவையைக் கீழே வைத்தான். “சரியாகலை அத்தை.”

மாடத்தி கேனின் மூடியைத் திருகினாள். ஏற்கெனவே மூடியிருந்ததை மறுபடியும் இறுக்கினாள்.

“நாங்க இருக்க இருப்பு அப்படி” என்றாள். “வெளிய எவ்வளவுதான் தேச்சாலும் அழுக்கு ஊத்துலயே இருக்குமாயிருக்கும்.”

அந்த வார்த்தைக்கு அவன் மறுத்து ஒரு சொல் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

டீச்சர் எழுந்து உள்ளே போனார். ஒரு குடுவை நிறையத் தண்ணீருடன் திரும்பி வந்தார். அதில் எந்தப் பெயரும் ஒட்டியிருக்கவில்லை.

“இதையும் பாத்துருங்க.”

“எந்த ஊருத் தண்ணி டீச்சர்?”

“பாத்துட்டுச் சொல்லுங்க.”

அமிலம் விட்டான். ஊதா விட்டான். தொட்டியில் இறக்கினான். கொதிநீர் தளதளத்தது.

ஊதா குறைந்தது.

“இதுவும் மோசம் டீச்சர். கிட்டத்தட்ட அத்தை கிணறு மாதிரியேதான். இதைக் குடிக்கக் கூடாது. எந்தக் கிணறு?”

டீச்சர் கை காட்டினார்.

உள்ளறையின் மூலையில் தண்ணீரை ஆவியாக்கிக் குளிரவைத்து வடிக்கும் கருவி இருந்தது. அதன் மூக்கிலிருந்து வடிநீர் சொட்டிக்கொண்டிருந்தது. அந்தக் கூடத்தில் அதைவிடச் சுத்தமான தண்ணீர் கிடையாது.

பலவேசத்துக்கு முதலில் புரியவில்லை. பிறகு காதுமடல் சுட்டது.

கிணற்றுத் தண்ணீருக்குச் செய்கிற எல்லாவற்றையும் கூடவே வடிநீருக்கும் செய்து பார்க்க வேண்டும். கூடத்துக்கு வந்த முதல் நாளே சொல்லிக்கொடுத்த வழக்கம் அது. பிளாங்க் என்பார்கள். வடிநீரில் ஊதா குறைந்தால் குற்றம் தண்ணீரில் இல்லை, கரைசலில் இருக்கிறது என்று அர்த்தம்.

கீழத்தெருக் கிணற்றைப் பார்த்த அன்றைக்கு அவன் பிளாங்க் வைக்கவில்லை. இன்றைக்கும் வைக்கவில்லை.

“புட்டியைக் கொண்டாங்க.”

கொண்டுவந்தான்.

“என்ன பேரு போட்டிருக்கு?”

“பொட்டாசியம் பெர்மாங்கனேட்.”

“யாரு எழுதினது?”

“நான்தான்.”

டீச்சர் புட்டியை வெளிச்சத்துக்கு நேரே சாய்த்தார். வெள்ளைக் கண்ணாடிப் புட்டி. உள் சுவரில் தவிட்டு நிற வளையம் ஒன்று ஒட்டியிருந்தது. அடியில் அதே நிறத்தில் வண்டல்.

வெயில் பட்டால் பெர்மாங்கனேட் மெல்ல உடையும். உடைந்து மாங்கனீஸ் டை ஆக்சைடாகப் படியும். அப்படிப் படிந்தது மிச்சத்தையும் உடைக்கும். அதனால்தான் அதைப் பழுப்புப் புட்டியில் ஊற்றி இருட்டில் வைப்பார்கள். பலவேசத்துக்கு இது தெரியாததல்ல. பரீட்சையில் எழுதி முழு மதிப்பெண் வாங்கியிருக்கிறான்.

பழுப்புப் புட்டியில் லேபிள் எடுப்பாகத் தெரியாது என்று அவன்தான் வெள்ளைப் புட்டிக்கு மாற்றினான்.

*

புதிதாகக் கரைசல் கலக்கினான். சிந்தியதில் விரல்கள் ஊதாவாகின. துடைக்கத் துடைக்கப் பழுப்பாயின.

“நான் கலக்கட்டுமா அண்ணாச்சி?” என்றாள் ஜெபராணி. இந்த முறை கிண்டல் இல்லை.

“வேண்டாம்மா.”

கரைசலின் பலத்தை ஆக்சாலிக் அமிலத்தில் சரிபார்த்தான். ஒரு குடுவையில் மாடத்தி கொண்டுவந்த தண்ணீர், பக்கத்துக் குடுவையில் வடிநீர். இரண்டையும் ஒன்றாக இறக்கினான்.

இரண்டும் ஊதாவாகவே இருந்தன.

அளந்தான். மறுபடியும் அளந்தான். கீழத்தெருக் கிணற்றுத் தண்ணீரில் குடிக்கக் கூடாதது எதுவும் இல்லை. அன்றைக்கும் இருந்திருக்காது.

“அத்தை” என்றான். இரண்டு குடுவைகளையும் அவள் பக்கம் நகர்த்தினான்.

“நல்ல தண்ணியா?”

தலையாட்டினான்.

மாடத்தி எழுந்துவிட்டாள். “ஐயோ, அப்ப உங்க மாமாவை வீணா வஞ்சுட்டேனே! ஒரு வாரமா மனுசன் தெரு உப்புத்தண்ணிக் குழாயில போய்க் குளிச்சிட்டு வாராரு.” அவளே சிரித்தாள். சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

“தப்பு எம்மேல அத்தை.”

“கைத்தவறு யாருக்கு வரல? நான் நேத்து ரசத்துல ரெண்டு தரம் உப்பு போட்டேன். நீ எழுதிக் குடு, நான் கொண்டு போயிருதேன். நீ பஞ்சாயத்துக்கு வரவேண்டாம். மேலத்தெரு ஆளுங்க முன்னால நீ தலைகுனிஞ்சு நிக்கதை நான் பாக்க முடியாது.”

சொல்லிவிட்டு, வாசல் வேப்பமர நிழலில் காற்றாட நிற்கப் போனாள்.

அவள் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று பலவேசத்துக்குத் தோன்றியது.

*

உட்கார்ந்து எழுதினான். கீழத்தெருக் கிணற்று நீர் குடிக்கத் தகுந்தது. முன்பு கொடுத்த முடிவு தவறு. தவறுக்குக் காரணம், கரைசல் வெயிலில் பழுதாகியிருந்தது. பரிசோதித்தவர் பெயர், கையெழுத்து.

ஒன்றையும் மறைக்கவில்லை. ஒரு சொல்லைக்கூடப் பூசி மெழுகவில்லை. டீச்சரிடம் நீட்டினான்.

டீச்சர் படித்தார். பேனாவைத் திறந்தார். கையெழுத்துப் போடவில்லை.

“அந்தப் புட்டியை வச்சு வேற எந்தக் கிணறு பாத்தீங்க?”

“கோயில் கிணறு ஒண்ணுதான் டீச்சர். அதே நாள் சாயங்காலம்.”

“அதுவும் அசுத்தம்னு வந்திருக்கணுமே.”

“வந்துச்சு.”

“ஆனா நல்ல தண்ணின்னுதானே எழுதியிருந்தீங்க?”

“திரும்பப் பாத்தேன் டீச்சர். குடுவையெல்லாம் அமிலத்துல கழுவினேன். கரைசலும் புதுசாக் கொஞ்சம் கலக்கி, பிளாங்க் வச்சுப் பாத்தேன். சரியா வந்துச்சு. குடுவை அழுக்குதான் காரணம்னு விட்டுட்டேன்.”

“திரும்பப் பாக்கணும்னு ஏன் தோணுச்சு?”

“கோயில் கிணறு டீச்சர். அது எப்படி அசுத்தமா இருக்கும்? நம்பவே முடியல. நான்தான் எங்கியோ தப்புப் பண்ணியிருக்கேன்னு…”

அவன் வாக்கியம் பாதியில் நின்றது.

சன்னல் மேடையில் வெயில் இருந்தது. ஜெபராணி குடுவை கழுவுவதை நிறுத்தியிருந்தாள்.

“உங்க தெருக் கிணத்துல வந்தப்ப?”

பலவேசம் வாசலைப் பார்த்தான். மாடத்தி மரத்தடியில் நின்று, வழியில் போன யாரிடமோ கையை ஆட்டிச் சொல்லிக்கொண்டிருந்தாள். “நல்ல தண்ணிதானாம்! எங்க வீட்டுப் பையனே பாத்துச் சொல்லிட்டான்!”

அவன் பார்வையைத் தாளுக்குத் திருப்பினான்.

டீச்சர் பேனாவை மூடி, தாளின்மேல் வைத்து, தாளை அவன் பக்கமே நகர்த்தினார்.

“எங்க தெருக் கிணறுன்னதும் உடனே நம்பிட்டேன், டீச்சர்.”

அவனுக்கே கேட்காத குரலில் சொன்னான்.

மாடத்தி வாசலில் வந்து எட்டிப் பார்த்தாள். “என்னலே சொல்லுத? கையெழுத்து ஆயிட்டா? வாய்க்குள்ளயே முனங்காதே, நல்லாச் சொல்லு.”

பலவேசம் எழுந்தான். அவள் முன்னால் போய் நின்றான். அவள் முகத்தைப் பார்த்து, தெருவில் போகிறவர்களுக்கும் கேட்கும்படி, அதையே திரும்பச் சொன்னான்.